பாட்டில் மாற்றும் அமாவாசை

மார்ச் 3, ஞாயிறு

இன்று முதல் இந்த டைரியில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக இருந்தாலும் எழுதுவேன், இல்லாவிட்டாலும் எழுதுவேன். கட்டுரைப் போட்டியில் முதல் பரிசாக இதைக் கொடுத்தபோது செல்வக்கனி டீச்சர், "உலகு, இதுல பொய் எழுதக்கூடாது. எழுதுனா அது கட்டுரை ஆயிரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் மறக்கவில்லை.

வெளியூர்க்காரர் யாராவது எப்போதாவது படிக்கலாம் என்பதால் முதலில் சில விவரங்கள். என் பெயர் உலகம்மாள். ஒன்பதாம் வகுப்பு. ஊர் புளியங்குடி. எங்கள் பக்கத்தில் கலர் என்றால் பாட்டிலில் அடைத்து விற்கும் இனிப்பு சோடா. அப்பாவின் கம்பெனி பரணி கலர். வீட்டுப் பின்கட்டில்தான் கம்பெனி. அம்மா சிரப் காய்ச்சுவாள், அப்பா மிஷினில் நிற்பார், குருசாமி அண்ணன் வேனில் கடை கடையாகப் போடுவார். நிரப்பிய பாட்டிலை ஒவ்வொன்றாக டியூப் லைட்டுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, உள்ளே தூசி மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அது என் வேலை. சாயங்காலம் அப்பா அந்த லைட்டை அணைத்தால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம்.

ஊரில் இன்னொரு கம்பெனியும் உண்டு. தாவீது மாமாவின் ஜெசி கலர். அவர் மகள் ஜெசிந்தா என் வகுப்பு, என் பெஞ்ச். அவள் பிறந்த வருஷம் தொடங்கிய கம்பெனி என்பதால் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்துக்குக் கீழும் அவள் பெயர் புடைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் பாட்டிலில் 'பரணி' என்று இருக்கும். அது அப்பாவின் நட்சத்திரம்.

"எங்கப்பா என் பேர கண்ணாடியில அடிச்சாவ. உங்கப்பா அவுக நட்சத்திரத்த அடிச்சாவ. யாருக்குப் பாசம் கூட?" என்று ஜெசி அடிக்கடி கேட்பாள். 

மார்ச் 6, புதன்

பள்ளி விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்ட் முக்குக் கடையில் கூட்டம். புது பிரிட்ஜ் வந்திருக்கிறது. ஆள் உயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே வெள்ளை வெளிச்சம். பெரிய கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: அவர்களுடைய பிளாஸ்டிக் பாட்டிலைத் தவிர வேறு எந்தக் கலரும் அந்தக் கடையில் இருக்கக் கூடாது.

எங்கள் கிரேட்டையும் ஜெசி கிரேட்டையும் கடைக்காரர் வெளியே வெயிலில் இறக்கி வைத்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, "பாப்பா, அப்பாட்ட சொல்லு, காலிய எடுத்துக்கச் சொல்லி" என்றார். பிரிட்ஜின் அடித்தட்டில் அவர் வீட்டு இட்லி மாவு இருந்தது. அதை மட்டும் கம்பெனிக்காரர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்களாம்.

அப்பாவிடம் சொன்னேன். "கரண்டே பாதி நேரம் இல்ல. பிரிட்ஜ வச்சு என்ன சாமி கும்பிடப் போறானா?" என்றார். ஆனால் சாப்பிடும்போது இரண்டு முறை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தார்.

மார்ச் 8, வெள்ளி

அப்பா பத்தாவதோடு நின்றவர். படிக்கப் பிடிக்கும், கண் வலிக்கிறது என்பார். அதனால் நான் வாசித்துக் காட்டுவேன். லைப்ரரியில் தொழில் நிர்வாகம் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்று எடுத்து வந்திருந்தேன். முதல் அத்தியாயத்தில் ஏதோ ஒரு நாட்டுச் செருப்புக் கம்பெனியின் கதை.

"அந்தச் செருப்புக்காரன் நம்ம ஊருல வந்து கம்பெனி போட்டா கரண்டுக்கு என்ன செய்வான்னு எழுதிருக்கா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். எழுதவில்லை.

நான்காவது அத்தியாயம் போட்டி பற்றியது. போட்டியாளரை எல்லா இடத்திலும் எதிர்க்க வேண்டியதில்லை, எது இல்லாவிட்டால் அவர் தொழில் நின்றுபோகுமோ அந்த ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும் என்று இருந்தது. அப்பா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அத இன்னொருக்க வாசி."

வாசித்தேன்.

"நம்ம தொழில்ல அது எதுட்டி?"

வகுப்பில் கை தூக்குவது போல உடனே சொன்னேன். "பாட்டில்தான்ப்பா." சீனியும் எலுமிச்சையும் காசு கொடுத்தால் நாளைக்கே கிடைக்கும். கலரில் நுரை பொங்க ஏற்றும் கேஸ் தென்காசியிலிருந்து வரும். ஆனால் பெயர் போட்ட கண்ணாடி பாட்டில் வேண்டுமென்றால் லாரி லோடாகத்தான் ஆர்டர் எடுப்பார்கள், அச்சு செய்து வருவதற்குள் வெயில்காலமே போய்விடும். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன்.

அப்பா என் தலையில் கை வைத்து, "நீ படிக்கது வீண் போவாதுட்டி" என்றார். இன்று எனக்கு மிகவும் சந்தோஷமான நாள்.

மார்ச் 11, திங்கள். அமாவாசை

அமாவாசையன்று இரண்டு கம்பெனியிலும் மிஷின் ஓடாது. காலையில் லாரி செட் பக்கத்தில் பாட்டில் மாற்றிக்கொள்வார்கள். கடைக்காரர்கள் காலி பாட்டிலைப் பெயர் பார்த்தா பிரிக்கிறார்கள்? எந்த வேன் முதலில் வருகிறதோ அதில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார்கள். அதனால் எங்கள் பாட்டில் மாமாவிடமும் அவர் பாட்டில் எங்களிடமும் சேர்ந்துவிடும். அதை அமாவாசைக்கு அமாவாசை திருப்பிக் கொடுப்பது வழக்கம். எழுத்தும் கிடையாது, கணக்கும் கிடையாது. மாற்றி முடித்ததும் அப்பா ஒரு ஜெசி கலர் குடிக்க வேண்டும், மாமா ஒரு பரணி கலர் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு ஒருவர் கலரை ஒருவர் திட்ட வேண்டும். அதுவும் வழக்கம்தான்.

மாமா எங்கள் கிரேட்டுகளை மலை போல இறக்கினார். அப்பா கொண்டு வந்தது கொஞ்சம்தான்.

"என்ன அண்ணாச்சி, இந்தத் தடவ நம்ம சரக்கு கொறச்சலா இருக்கு?"

"இந்த மாசம் அவ்வளவுதான் வந்துச்சு, தாவீது."

"கல்யாண வீடு கூட. பயலுவ எங்கனயாவது தோப்புல போட்டிருப்பானுவ" என்று மாமாவே காரணமும் சொல்லிவிட்டார். பரணி கலரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சீனி வெல எறங்கிட்டா அண்ணாச்சி? பாயாசம் மாதிரில்லா இருக்கு" என்றார். அப்பா பதிலுக்கு எதுவும் திட்டவில்லை. ஜெசி கலரைப் பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

குருசாமி அண்ணன் வேனின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். டயரில் காற்று குறைந்திருக்கலாம்.

மார்ச் 15, வெள்ளி

விறகு அறைக்கு அப்பா புதுப் பூட்டு போட்டிருக்கிறார். எலி மருந்து வைத்திருக்கிறதாம், யாரும் போகக் கூடாது. அது நல்ல ஏற்பாடுதான். எலி மருந்து ஆபத்தானது.

"எலிக்கு எதுக்கு திண்டுக்கல் பூட்டு?" என்று அம்மா கேட்டாள். அப்பா சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

மார்ச் 18, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. பரீட்சை அட்டவணை கொடுத்தார்கள்.

மார்ச் 21, வியாழன்

வியாபாரம் நன்றாக இருக்கிறது. வழக்கமாக ஒரு நாள் எங்கள் வேன் போனால் மறுநாள் ஜெசி வேன் போகும். இந்த வாரம் ஜெசி வேன் பல கடைக்கு வரவில்லை என்று கடைக்காரர்களே அப்பாவுக்கு போன் செய்கிறார்கள். அப்பா போனில் சத்தமாகப் பேசுகிறார். மிஷின் ஓயாமல் ஓடுகிறது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுகிறார், டீசல் விலையைப் பற்றிப் புலம்பவில்லை.

ஜெசி இன்று கணக்குப் பாடத்தில் கவனிக்கவே இல்லை. பெஞ்சில் காம்பஸால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கம்பெனியில பாட்டில் இல்லட்டி. பாதி நாளு மிஷின் சும்மா கெடக்கு. அப்பா கடை கடையாப் போய்த் தேடுதாவ."

"கிடைச்சிரும்" என்றேன்.

"எப்படிச் சொல்லுத?"

தெரியாது என்றேன்.

மார்ச் 24, ஞாயிறு

மதியம் அப்பா தூங்கும்போது சைக்கிள் பம்பைத் தேடினேன். ஒருவேளை விறகு அறையில் இருக்குமோ என்று முக்காலி போட்டு ஏறி ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். பம்பு இல்லை. இறங்கிவிட்டேன்.

மார்ச் 25, திங்கள்

நேற்று எழுதியதில் பொய் எதுவும் இல்லை. பம்பு அங்கே இல்லைதான்.

மார்ச் 28, வியாழன்

அம்மாவும் அப்பாவும் சிரப் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரேஷன் கடையைப் பற்றி என்று நினைக்கிறேன். கடைசியில் மட்டும் அம்மா குரல் உயர்ந்தது. "அதுல என்னத்த ஊத்திக் குடிக்கப் போறிய? பேரு தெரியாத எடத்துக்கா கொண்டு போவிய?"

"ஒரு சீசன், பார்வதி. ஒரே ஒரு சீசன். கடை எல்லாம் நம்ம கைக்கு வந்துட்டா அந்த பிரிட்ஜ்காரன எதுத்து நிக்கலாம். ரெண்டு பேரும் பாதிப் பாதியா நின்னா ரெண்டு பேரையும் முழுங்கிருவான்."

"அப்ப தாவீத நீங்க முழுங்குதிய."

பிறகு சீனி மூட்டையை இழுக்கும் சத்தம் கேட்டது.

மார்ச் 31, ஞாயிறு. ஈஸ்டர்

ஜெசி தூக்குச்சட்டியில் பிரியாணி கொண்டு வந்தாள். எல்லா வருஷமும் வரும். இந்த வருஷம் அவள் புதுத் துணி போடவில்லை.

"பழைய சட்டைதான். பாட்டில் கம்பெனிக்கு முன்பணம் அனுப்பலாம்னு அப்பா நெனச்சாவ. அவன் லோடு கணக்குலதான் தருவேங்கான்."

அம்மா அவளுக்குக் கலர் கொடுத்தாள். ஜெசி பாட்டிலைக் கையில் உருட்டி, 'பரணி' என்ற எழுத்தை விரலால் தடவிவிட்டுக் குடித்தாள். விறகு அறைக்கும் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் நடுவில் ஒரு சுவர்தான் உண்டு. உள்ளே பூனை ஏதோ தட்டிவிட்டு, கண்ணாடியும் கண்ணாடியும் மோதும் சத்தம் கேட்டது. நான் எதற்கென்றே தெரியாமல் இருமினேன். வெகுநேரம் இருமினேன். "தண்ணி குடிட்டி" என்று ஜெசி என் முதுகில் தட்டினாள். அந்த அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, எலி மருந்து என்றேன்.

அப்பா பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். பிரியாணியை நானும் அம்மாவும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்று எழுதவேண்டுமா தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 3, புதன்

பிரிட்ஜ் கம்பெனியின் ஏரியா மேனேஜர் வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மதுரைப் பேச்சு. அப்பாவை சார் என்று கூப்பிட்டார். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது, பிறகு பிடிக்கவில்லை.

"ஓப்பனா சொல்றேன் சார். இந்த ஊர்ல எங்களுக்குப் பெரிய தலைவலியே நீங்க ரெண்டு பேர் இருந்ததுதான். ஒரு நாள் உங்க வண்டி, ஒரு நாள் அவங்க வண்டி. கடையில சரக்கு இல்லைங்கிற பேச்சே கிடையாது. பிரிட்ஜ் சும்மா தர்றோம்னாலும் ஒருத்தன் கையெழுத்துப் போட மாட்டான். இப்ப பாருங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் கடை காலி. அவனவன் எங்களுக்குப் போன் போடுறான்."

"நான் ரெண்டு நடை போடுதேன்" என்றார் அப்பா.

"போடுங்க சார். முடிஞ்சா போடுங்க." சிரித்தார். "இல்லேன்னா எங்க ஏஜென்சி எடுத்துக்கங்க. உங்க வேன் இருக்கு, ஆள் இருக்கு. இந்த மிஷினெல்லாம் எதுக்கு உங்களுக்கு?"

அம்மா கொடுத்த பரணி கலரை உதடு வரை கொண்டு போனார், கீழே வைத்தார். போன பிறகு பார்த்தேன். பாட்டிலில் ஒரு சொட்டு குறையவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

காலையிலேயே சொக்கம்பட்டியிலிருந்து பேச்சியம்மாள் பஸ் ஏறி வந்துவிட்டார். மலையடிவாரத்தில் கடை வைத்திருப்பவர். அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"ஏ பரணி அண்ணாச்சி! ஒம்ம காலி பாட்டில எப்ப எடுப்பீரு? கடைக்குப் பின்னால குமிஞ்சு கெடக்கு. ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளயும் ஒரு பல்லி குடும்பம் நடத்துது. நாளைக்குப் பாம்பு வந்தா நீரா வந்து அடிப்பீரு?"

"எங்க வேன் மேக்க வராதே" என்றார் அப்பா. "ரோடு சரியில்லைன்னு நாங்க வாரதில்ல. ஊருக்கு வாரவன் சைக்கிள்ல எடுத்துட்டுப் போவான்."

"எடுத்துட்டு வாரவன் காலியவும் தூக்கிட்டா வருவான்? இத்தன வருசமா யாரு கொண்டாந்தான்னு நெனச்சீரு? தாவீது வண்டிதான். அவரு வண்டிதான் இப்ப வாரதில்லயே. அடிவாரம் பூராவும் ஒம்ம பாட்டில்தான் வெயில் காயுது."

பேச்சியம்மாள் ஒரு கலர் குடித்து, ஒரு கலர் வாங்கிக்கொண்டு போனார். அப்பா காலி கிரேட்டுகள் இருக்கும் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வாரமாக அந்த மூலை மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. நானும்தான் பார்த்தேன், ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை. புத்தகத்தில் நான்காவது அத்தியாயத்துக்குப் பிறகு இதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று ராத்திரி புரட்டிப் பார்த்தேன். செருப்புக் கம்பெனிக்குக் காலி செருப்பு திரும்பி வருவதில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

குருசாமி அண்ணன் மேற்கே போகப் பார்த்து, பாதி வழியில் ஆக்சில் உடைந்து திரும்பி வந்தார். முக்குக் கடை, ஆஸ்பத்திரிக் கடை, பள்ளிக்கூடத்துக் கடை எல்லாவற்றிலும் பிரிட்ஜ் வந்துவிட்டது. ஆர்டர் இருக்கும் கடைகளுக்கும் நிரப்ப எங்களிடம் பாட்டில் இல்லை. இன்று லைட்டுக்கு முன்னால் எனக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

மதியம் அப்பா விறகு அறையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். நான் வாசல் படியில் புத்தகத்தோடு இருந்தேன், அவர் பார்க்கவில்லை. அதைக் கழுவினார். மிஷினில் வைத்தார். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டே நின்றார். பிறகு எடுத்துத் துண்டால் துடைத்து, மறுபடி உள்ளே கொண்டு போய் வைத்துப் பூட்டினார். அந்தப் பெயர் போட்ட பாட்டிலில் பரணியை ஊற்றினால் எந்தக் கடைக்காரனும் முகத்துக்கு நேராகக் கேட்பான்.

எந்தப் பெயர் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். ஜெசி. மார்ச் 24ஆம் தேதி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தார்ப்பாய் விலகியிருந்தது. கிரேட்டுக்கு மேல் கிரேட்டாகக் கூரை வரை ஜெசி, ஜெசி, ஜெசி என்று இருந்தது. இதைத்தான் எழுதவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

ஜெசி இன்று பள்ளிக்கு வரவில்லை.

ஏப்ரல் 10, புதன். அமாவாசை

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பரீட்சை மதியம்தான் என்பதால் காலையில் அப்பாவோடு லாரி செட்டுக்குப் போனேன். வேனில் ஜெசி பாட்டில் ஒன்றுகூட ஏற்றவில்லை. மாமா வரமாட்டார் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றார்.

மாமாவின் வேன் ஒர்க் ஷாப்பில் இருந்ததாம், வாடகை லோடு ஆட்டோ ஒன்று வந்தது. முன்னால் மாமா, பின்னால் கிரேட்டுகளுக்கு நடுவில் ஜெசி. ஆட்டோ முழுக்க எங்கள் பாட்டில்.

"பேச்சியம்மா போன் போட்டுக் கூப்பாடு போட்டா, அண்ணாச்சி. அதான் அடிவாரத்துல ஒரு சுத்து சுத்தி எடுத்தாந்தேன். உங்களுக்கு சீசன்லா" என்று மாமா இறக்க ஆரம்பித்தார். குருசாமி அண்ணன் ஓடிப் போய்ப் பிடித்தார். அப்பா இருந்த இடத்திலேயே நின்றார்.

"உனக்கு ஆட்டோ வாடகை…" என்று ஆரம்பித்தார்.

"அத விடுங்க. இதான் கடைசி. நான் நிறுத்துதேன் அண்ணாச்சி. திருப்பூர்ல மச்சான் கம்பெனியில சூப்பர்வைசர் வேல இருக்கு. மே மாசம் போறோம். இவளுக்கும் அங்கனதான் ஸ்கூல்."

ஜெசி என்னைப் பார்க்கவில்லை. கிரேட்டின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கிரேட் அடுக்குக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் நின்றோம்.

வழக்கத்தை விடக்கூடாது என்று மாமா ஒரு பரணியை உடைத்துக் குடித்தார். "இன்னும் சீனியக் கொறைக்கல பாத்தியளா" என்றார். பிறகு அப்பாவின் முறை. அப்பா கையை நீட்டிவிட்டார், பழக்கம்.

"உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட கலர் இல்ல அண்ணாச்சி" என்றார் மாமா. "சிரப் காய்ச்சி அப்படியே இருக்கு. கேஸ் இருக்கு. என்ன இல்லன்னு நெனைக்கிய?"

 அவர் கேட்டது அப்பாவைத்தான். ஆனால் எனக்கு அது மார்ச் 8ஆம் தேதி அப்பா என்னிடம் கேட்ட அதே கேள்வி போல இருந்தது. விடையும் அதேதான்.

"பாட்டில், மாமா" என்றேன். "எங்க வீட்ல இருக்கு. விறகு ரூம்ல. எல்லாமே இருக்கு."

ஜெசி நிமிர்ந்தாள். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் மெதுவாக இறக்கினார். ஆனால் தாவீது மாமா ஆச்சரியப்படவே இல்லை. 

நால்வரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். அப்பா இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்க முடியாமல் திணறினார். அம்மா வந்து கத்திரிக்கோலால் கயிற்றை வெட்டினாள். கதவு திறந்ததும் மாமா உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பு உடைந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"போலீசுக்குப் போங்கன்னு ஜெசி அம்மா சொன்னா" என்றார். "காலி பாட்டிலக் காணோம்னு போய் நின்னா எந்த ஸ்டேஷன்ல எழுதுவான், சொல்லுங்க?"

"தெரியுமா உனக்கு?"

"எம் பாட்டிலு வேற எங்க போவும்? ஊருக்குள்ள இருக்கது ரெண்டு கம்பெனி."

"தெரிஞ்சுமா என் பாட்டில எடுத்தாந்தே?"

"அமாவாசைலா" என்றார் மாமா.

அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். "சிரப்பக் கொண்டா, தாவீது" என்றார். "உன் பாட்டிலு, உன் சிரப்பு. என் மிஷினு சும்மாதான் கெடக்கு. நீ உங்க ஊட்டுல ஒரு தடவ, நான் இங்க ஒரு தடவன்னு ஜெனரேட்டர் ஓட்டுதோம். ரெண்டுக்கும் ஒரு டீசல் போதும். நீ மேக்க போ, நான் கெழக்க போறேன். ரெண்டு கலரையும் ரெண்டு வண்டியிலயும் ஏத்துவோம்."

"உங்க மிஷின்ல எங் கலரா?"

"ஆமா."

"மேயில டிக்கெட் போட்டாச்சு அண்ணாச்சி."

"அதுக்கு முன்னால சித்திரை இருக்குல்லா."

மாமா கையிலிருந்த பாட்டிலோடு போய்விட்டார். ஜெசி வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். "எலி மருந்துன்னு சொன்னே" என்றாள். அவ்வளவுதான்.

மதியம் அறிவியல் பரீட்சை எழுதினேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

அப்பா என்னோடு பேசவில்லை. நானும் வாசித்துக் காட்டவா என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

விடிந்ததும் மாமாவின் வேன் வாசலில் நின்றது. யாருக்கும் வணக்கம் சொல்லாமல் சிரப் கேன்களை இறக்கினார். "கஸ்டிக் சோடா போட்டுக் கழுவணும். கரப்பான் ஏறியிருக்கும்" என்றார். அப்பா அண்டாவில் வெந்நீர் வைத்தார். இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். கேஸ் அளவு பற்றி மட்டும் சண்டை போட்டார்கள். மாமாவுக்குச் சுள்ளென்று ஏற வேண்டும், அப்பாவுக்கு மெதுவாக ஏற வேண்டும். ஜெசி பாட்டிலுக்கு மாமா சொன்னபடியே வைத்தார்கள்.

சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். ஏஜென்சி விஷயம் என்ன ஆச்சு சார் என்றார்.

"தாவீதுட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார் அப்பா.

"அவர் எதுக்கு சார் இதுல?"

அப்பா கட் செய்துவிட்டார். மாமா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கையிலிருந்த கிரேட்டை இறக்கி வைக்க மறந்துவிட்டார்.

ஏப்ரல் 14, ஞாயிறு. சித்திரை ஒன்று

கோயில் தெருவுக்கு இரண்டு கலரும் போகிறது. பிரிட்ஜ் இருக்கும் கடைகள் திரும்பி வரவில்லை, வருமா என்றும் தெரியாது. ஆனால் மதியம் கரண்ட் இருப்பதில்லை, பிரிட்ஜுக்குள் வெந்நீர்தான் இருக்கும். அதனால் மீன் வண்டிக்காரரிடம் தெர்மாகோல் பெட்டியும் ஐஸ் கட்டியும் வாங்கி, பிரிட்ஜ் இல்லாத கடைகளுக்கு வைக்கிறார்கள். ஒரு பெட்டி, அதில் பாதி பரணி, பாதி ஜெசி. இது எந்த அத்தியாயத்திலும் இல்லை. மாமாவுக்கும் அப்பாவுக்கும் இடையில் கேஸ் சண்டையின்போது வந்த யோசனை.

லைட்டுக்கு முன்னால் நிற்க ஆள் போதவில்லை. ஜெசியை அவள் அப்பா அனுப்பினார். டியூப் லைட்டின் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான்.

முதல் கிரேட்டைப் பார்த்து முடித்தோம். பிறகு அவளே கேட்டாள்.

"எப்பத்துல இருந்து தெரியும் உனக்கு?"

"மார்ச் இருபத்துநாலு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இல்ல. அதுக்கு முந்தியே. எது இல்லாட்டி உங்க கம்பெனி ஓடாதுன்னு அப்பா கேட்டாவ. நான்தான் பாட்டிலுன்னு சொன்னேன். ரொம்ப சந்தோசமாச் சொன்னேன்."

ஜெசி கையிலிருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பெயர் லைட்டில் தெரிந்தது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீதான் கிளாஸ்ல பர்ஸ்ட்டாச்சே" என்றாள். பிறகு நான் சரி என்று வைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்து லைட்டில் பிடித்து, "இதுல அடியில தூசி கெடக்கு. பாக்காம விட்டுட்டே" என்று என்னிடமே கொடுத்தாள். மறுபடி பார்த்தேன். இருந்தது.

அதன் பிறகு அவள் பார்த்ததை நான் ஒருமுறை பார்த்தேன், நான் பார்த்ததை அவள் ஒருமுறை பார்த்தாள்.

கடைசி கிரேட் ஏற்றியதும் மாமா சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினார். மே மாதத்தில் நிறுத்தி, "அடுத்த அமாவாசை வியாழக்கிழமை வருது அண்ணாச்சி" என்றார்.

அப்பா ஒரு ஜெசி கலரை எடுத்து உடைத்தார். முழுதாகக் குடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "இவ்வளவு கேஸு எதுக்குடா ஏத்துத? மூக்கெல்லாம் எரியுது" என்றார்.

மாமா சிரித்தாரா என்று சொல்ல முடியாது. முகம் இருட்டுப் பக்கமாக இருந்தது. வேன் சாவியை எடுத்துக்கொண்டு, ஜெசியை வா என்று தலையை அசைத்து, வாசல் பக்கம் போனார். அப்பா சுவிட்சுக்குக் கை நீட்டவில்லை. போகிற போக்கில் தாவீது மாமாதான், தன் கம்பெனியில் செய்வது போலவே, டியூப் லைட்டை அணைத்துவிட்டுப் போனார்.